செயலாளருக்கு வந்த மாலை

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வீட்டுக்காரரின் பேரை நான் வாயால் சொன்னதில்லை. மலாக்காவில் எங்கள் ஊரான காஜா பேராங்கில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. "செக்ரட்டரி வீடு எது?" என்று கேட்டால் தெருக்கோழிகூட வழி காட்டும். பகலில் அவர் ஒரு கவர்மெண்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அது சோற்றுக்கு. சாயங்காலம் ஆனால் எங்கள் வட்டாரக் கூடைப்பந்துச் சங்கத்தின் செயலாளர். அது எதற்கு என்று எனக்குப் பல வருஷம் விளங்கவில்லை.

ஆள் குள்ளம். அவர் பந்தைக் கூடைக்குள் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆட்டம் என்று ஒன்று நடக்க வேண்டுமானால் அவர் வேண்டும். பந்துக்குக் காற்றடிப்பது அவர். சுண்ணாம்புக் கோடு போடுவது அவர். பக்கத்து ஊர்களான புக்கிட் காதில், செங் ஆட்டக்காரர்களுக்குச் சைக்கிளில் போய் ஆட்ட நாளைச் சொல்லிவிட்டு வருவது அவர். நடுவர் வராவிட்டால் விசில் ஊதுவதும் அவர்தான், ஊதியதற்கு இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்குவதும் அவர்தான். ஜப்பான்காரன் போன கையோடு ஆரம்பித்த வேலை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து, கொடி மாறி, தபால்தலையில் படம் மாறி, எங்கள் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்த வேலை மட்டும் மாறவில்லை. "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, உருண்டையா இருப்பா, உள்ளே வெறும் காத்து" என்று நான் குழாயடியில் சொல்லிச் சிரிப்பேன். பாதி சிரிப்பு, பாதி வயிற்றெரிச்சல்.

இதில் மழை வேறு. மலாக்காவில் மத்தியானம் வெயில் கொளுத்தினால் சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். எங்கள் ஆட்டத்திடல் கோப்பிக்கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரை. நனைந்தால் வழுக்கும், ஆடுகிறவன் முட்டி பெயரும். அதற்கு என் வீட்டுக்காரர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் அரிசிச் சாக்குகளை விரித்து, அதன்மேல் கோழி சீய்ப்பதுபோல் நடந்து தண்ணீரை ஊற வைக்க வேண்டும். பிறகு மரமில்லிலிருந்து கொண்டுவந்த மரத்தூளைத் தூவ வேண்டும். பிறகு விளக்குமாறு. வரிசை மாறினால் காரியம் கெட்டது. இவ்வளவும் முடித்து, தண்ணீரும் தூளுமாகக் கனக்கிற அந்தச் சாக்குகளைச் சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். துவைப்பது யார்? நான்தான். என் கொடியில் சேலை காய்ந்ததைவிடச் சாக்கு காய்ந்ததுதான் அதிகம். கூடையின் வலை பிய்ந்தால் மீன்வலைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அண்டா அண்டாவாகத் தேத்தண்ணி கலக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தின் தலைவர் கோப்பிக்கடைச் சீனர். ஊருக்கே அவர் தவுக்கே, முதலாளி. வாயைத் திறந்தால் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய்தான் வரும், அதுவும் சண்டை போடுகிற மாதிரிதான் வரும். ஒருநாள் காலையில் அவர் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். முன்வாசலை விட்டு இந்த மனுஷன் ஏன் இந்தப் பக்கம் வருகிறார் என்று நான் விளக்குமாறும் கையுமாக நின்றேன்.

"உன் புருஷன் ஆபீசுக்குப் போயிட்டானா?" என்று கேட்டார்.

"போயாச்சு. என்ன விஷயம்?"

"ஹய்யா, மெதுவாப் பேசு!" என்று அவர் கத்தினார். "வர்ற சனிக்கிழமை புக்கிட் காதிலோட இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம். அன்னிக்கு அவனுக்கு மாலை போடப் போறோம். நல்ல நாற்காலியில உட்கார வைக்கப் போறோம். ஒரு சாமானும் வாங்கித் தரப் போறேன். அவனுக்குத் தெரியக்கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஓர் ஆட்டத்தையாவது உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. ஊரே கைதட்டும்போது அவர் ஒரு மூலையில் எதையாவது மடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளைக்காவது கால்மேல் கால் போட்டு உட்காரட்டும், ஊர் அவரைப் பார்க்கட்டும் என்று என் மனசு துள்ளியது.

ஆனால் அங்கேதான் வந்தது வம்பு. எங்கள் சங்கத்தில் எந்த விழா என்றாலும் நாற்காலி, மைக், மாலை எல்லாம் ஏற்பாடு செய்வது செயலாளர். அவருக்குத் தெரியாமல் அவருக்கே விழா எடுப்பது எப்படி? தவுக்கே ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒரு பெரிய மனுஷர் வர்றார், ஏற்பாடு பண்ணு" என்று அவரிடமே சொல்லிவிட்டார். எங்கள் ஆளுக்கு அது போதாதா? தலைகால் புரியாமல் அலைந்தார். கை வைத்த நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, தானே உட்கார்ந்து பார்த்தார்.

"முதுகு குத்துது. பெரிய மனுஷர் எப்படி ரெண்டு மணி நேரம் உட்காருவாரு?" என்று என் தலையணையை எடுத்து அதில் வைத்தார்.

"அவருக்குக் குத்தாதுங்க" என்றேன் நான், சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று முறைத்தார். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

இரண்டு நாள் இப்படிக் கூத்தாகப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் மனுஷர் பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தார். கோப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், நான் அப்படியே நின்றுவிட்டேன். சாக்குகளை எடுத்துத் தானே துவைக்க உட்கார்ந்தார்! கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல்முறை. துவைத்து, பிழிந்து, காயப்போட்டு, மறுநாள் அதை நான்கு மூலையும் ஒத்து மடித்து, விசில், காற்றடிக்கும் பம்பு, திடல் விளக்கின் சாவி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, சாக்குக் கட்டின்மேல் வைத்தார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வீட்டில் பெட்டி கட்டுவதுபோல் இருந்தது.

என்ன ஆயிற்று என்பது பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் மலாக்காச் செட்டிகள் வீட்டுப் பெண். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். ஆனால் என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். காஜா பேராங்கில் அவர் கட்டுகிற மாலைக்கு ஈடு கிடையாது. எங்கள் கட்சியின் கேப்டன், பஸ் கண்டக்டர் வேலை பார்த்த பையன், மாலை யாருக்கு என்பதை அக்காவிடம் சொல்லிவிட்டு, அது ரகசியம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான். எங்கள் ஆள் மாலையின் நீளம் பார்க்கப் போயிருக்கிறார். "பெரிய மனுஷர் உயரமா இருந்தா என்ன பண்றது? நீளமாக் கட்டுங்க" என்றாராம். அக்கா விழுந்து விழுந்து சிரித்து, "நீ எப்போ உயரமா வளர்ந்தே? உன் அளவுக்குத்தானே கட்டிக்கிட்டிருக்கேன்" என்றாராம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை. அந்தக் கண்டக்டர் பையனை அடுத்த பஸ்ஸிலேயே ஏறி நான்கு வார்த்தை கேட்கலாமா என்று எனக்கு வந்தது ஆத்திரம்.

சரி, தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது, அதற்கு ஏன் எழவு வீட்டு முகம்? நேராகப் போய்க் கேட்டேன்.

"என்னங்க, மாலை போடுறாங்கன்னா சந்தோஷப்படணும். இப்படியா உட்கார்ந்திருப்பாங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நம்ம சங்கத்துல இதுவரைக்கும் யாருக்கு மாலை போட்டிருக்கோம், சொல்லு பார்ப்போம்."

யோசித்தேன். எங்கள் சங்கத்தில் ஆட்டம் ஜெயித்தவனுக்குக் கோப்பை, திறப்புவிழாவுக்கு வந்தவருக்குப் பூச்செண்டு. மாலை மட்டும் ஊரைவிட்டுப் போகிறவருக்குத்தான். முதலில் தலைவராக இருந்த நாட்டுமருந்துக் கடைச் சீனர் மகன் வீட்டோடு சிங்கப்பூர் போனார், மாலை போட்டோம். தமிழ் வாத்தியார் ஒருவர் இந்தியாவுக்கே கப்பலேறினார், மாலை போட்டோம். எங்கள் ஆட்டங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிற ஒரு வெள்ளைக்காரத் துரை மெர்டேக்கா வந்ததும் மூட்டை கட்டினார், அவருக்கும் மாலை. மாலை, போட்டோ, டாட்டா. மூன்று பேரும் மாலையோடு கோப்பிக்கடைச் சுவரில் தொங்குகிறார்கள். மூன்று பேரும் திரும்பி வரவில்லை.

"துரைக்கே மாலை போட்டுத்தான் வழியனுப்பினோம். நான் எம்மாத்திரம்?" என்றார்.

"உளறாதீங்க! உங்கள யாரு போகச் சொன்னது?"

"தவுக்கே என் முகத்தப் பார்த்துப் பேசுறதில்ல. இந்த வாரமெல்லாம் நான் கடைக்குள்ள போனா அவரு அடுப்படிக்குள்ள போயிடுறாரு. கேப்டன் பையன் வந்து சாவி எங்க, மரத்தூள் எங்கன்னு கேட்டு வச்சுக்கிறான். வயசுப் பசங்க வந்துட்டாங்க. பழசு ஒதுங்கணும். நியாயம்தானே?" என்றார். குரல் உடைந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தபோதுகூடக் கலங்காத ஆள் அவர்.

தவுக்கே ரகசியத்தை மறைக்கத் தெரியாமல் ஓடியிருப்பார், பையன் அன்றைக்கு ஒரு நாள் இவரை வேலை செய்ய விடாமல் இருப்பதற்காகக் கேட்டிருப்பான் என்று நான் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் சந்தேகம் தட்டியது. உண்மையிலேயே ஒதுக்கத்தான் பார்க்கிறார்களோ? கோப்பிக்கடைக்கு ஓடினேன். தவுக்கே சாமான் வாங்க சிங்கப்பூர் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார் என்றார்கள். கேப்டன் பையனைப் பிடித்து உலுக்கினேன். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. எல்லாம் தவுக்கே ரோசனை. அவரு என்ன பேசப் போறாருன்னு அவருக்கே தெரியாது" என்றான்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது கிடைத்தது. வீட்டிலேயே இருந்தார். சின்னவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். சட்டைக்குப் பொத்தான் தைத்தார். தூரத்தில் பசங்கள் பந்து தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊசி நின்றது. ஐயோ சாமி, எனக்கு இந்தப் புருஷன் வேண்டாம், அந்தச் சாக்குத் தூக்குகிற புருஷனையே திருப்பிக் கொடு என்று அம்மன் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் மழை கொட்டித் தீர்த்தது. விட்டதும் போனோம். அவருக்கு வெள்ளைச் சட்டை, தேய்த்த முழுக்கால் சிலுவார். கையில் பிஸ்கட் டின்னும் சாக்குக் கட்டும், ஒப்படைப்பதற்கு. அவரை என் தலையணை வைத்த அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். திடலைச் சுற்றி ஊரே நின்றது. புக்கிட் காதில்காரர்கள் லோரியில் வந்து இறங்கி, தரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. போட்டோ எடுப்பவர் மூன்று கால் தாங்கியை நட்டுவிட்டுக் காத்திருந்தார். தவுக்கே ஏதோ காகிதத்தில் சுற்றிய நெடுநெடுவென்ற சாமானைச் சுவரோரம் சாத்திவிட்டு மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நம் கேப்டன் பையன் "அண்ணே, நீங்க அசையக்கூடாது. இன்னிக்கு நாங்க பார்த்துக்கிறோம்" என்றான். பார்த்துக்கொண்டான் லட்சணமாக! சாக்கை விரிக்காமல், தேங்கிய தண்ணீரின் மேலேயே மரத்தூள் மூட்டையைக் கவிழ்த்தான். தரை முழுக்கக் கூழ். ஒருவன் விளக்குமாற்றை வைத்து இழுத்தான். கூழ் நான்கு பக்கமும் பரவியது. புக்கிட் காதில்காரன் ஒருவன் கால் வைத்துப் பார்த்து, சர்ரென்று போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். கூட்டம் சிரித்தது.

என் கண் அவர் மேல்தான். நாற்காலிக் கையைப் பிடித்த விரல் வெளுத்துவிட்டது. பாதம் இரண்டும் தரையில் பரபரவென்று ஆடுகிறது. ஆனால் எழுந்திருக்கவில்லை. எனக்கு வந்தது பாருங்கள் கோபம், யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு திடல் நடுவே போய் நின்றேன்.

"என்னங்க! மாலையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம். முதல்ல சாக்க எடுங்க!"

ஊரே திரும்பிப் பார்த்தது. மைக்கின் கீச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது. "இனிமே அது என் வேலை இல்லியே புள்ள."

தவுக்கே மைக்கை விட்டுவிட்டு வந்தார். "என்ன சொல்றான் இவன்?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். மாலையைச் சொன்னேன், சுவரில் தொங்குகிற மூன்று பேரைச் சொன்னேன், அந்தப் பிஸ்கட் டின்னைக் காட்டினேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. "அனுப்புறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க தவுக்கே, நாங்க எழுந்து போறோம்!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

தவுக்கேயின் முகம் சிவந்தது. சுவரோரம் போய், அந்த நெட்டைச் சாமானை எடுத்துவந்து, காகிதத்தைப் பரபரவென்று கிழித்தார். நீளமான மரக்கம்பு. நுனியில் அகலமாக ஒரு கட்டை. கட்டையின் ஓரம் முழுக்கக் கனத்த ரப்பர்க் கித்தாப் பட்டை. கப்பல் மேல்தட்டில் தண்ணீரை வழித்துத் தள்ளுவார்களாமே, அந்தச் சாமான். இதை வாங்கத்தான் மனுஷன் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார்!

"ஹய்யா, முட்டாள்! போறவனுக்கு யாராவது இதை வாங்கிக் கொடுப்பானா?" என்று கத்தினார். கத்தும்போதே அவர் கண்ணிலும் தண்ணீர். "சாக்குத் தூக்கித் தூக்கி உன் முதுகு வளைஞ்சு போச்சேன்னு வாங்கினேன். நீ போயிட்டா நான் யாரைத் திட்டுறது? மாலை போட்டா போகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எனக்கு உங்க ஆளுங்க பழக்கம் என்ன தெரியும்? மாலை அழகா இருந்துச்சு, போடச் சொன்னேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் வீட்டுக்காரர் எழுந்தார். அந்தக் கம்பை வாங்கி, கித்தாப் பட்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தரையில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். கூழெல்லாம் சுருண்டு ஓடி, சிமெண்டு பளிச்சென்று தெரிந்தது. "ஆகா!" என்றார். முகத்தில் வந்த சிரிப்பை என்ன சொல்ல, எங்கள் முதல் பிள்ளையைக் கையில் வாங்கியபோது பார்த்த அதே சிரிப்பு. அடுத்த நொடி பழைய குரல் கிளம்பிவிட்டது. "டேய் கேப்டன், சாக்க விரிடா! யார்டா முதல்ல தூளக் கொட்டச் சொன்னது? அந்த மூலையப் பாரு!" புக்கிட் காதில்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கின்மேல் நடக்க இறங்கிவிட்டார்கள்.

தவுக்கே விட்டாரா? மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, தள்ளிக்கொண்டிருந்த மனுஷன் கழுத்தில் போட்டார். போட்டதுதான் தாமதம், இவர் குனிந்து நிமிர்ந்ததில் பூ உதிர ஆரம்பித்தது.

"ஐயையோ, காய வச்ச தரையில பூ! எவனாவது மிதிச்சு வழுக்கி விழவா?" என்று பதறி மாலையைக் கழற்றினார். வைக்க இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். சட்டென்று என் கழுத்தில் போட்டுவிட்டு, "அந்த நாற்காலியில போய் உட்காரு, தரையில நிக்காத" என்று சொல்லி ஓடிவிட்டார்.

ஊர் போட்ட விசில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவர் என் கழுத்தில் மாலை போட்டது அது இரண்டாம் தடவை. முதல் தடவை கல்யாணத்தில், அப்போது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இந்தத் தடவையும் பார்க்கவில்லை, பார்வையெல்லாம் தரையில்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, போய் அந்த நாற்காலியில் என் தலையணைமேல் உட்கார்ந்தேன். முதுகு குத்தவே இல்லை.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றுப் போனோம், அது வேறு கதை. தவுக்கேயின் பேச்சை யாரும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. முடிந்ததும் புக்கிட் காதில் அணியின் மேனேஜர் எங்கள் பக்கம் வந்தார். நல்ல உயரமான தமிழர், நடந்த களேபரத்தின்போது லோரிப் பக்கம் இருந்திருக்கிறார் போல. மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம் நேராக வந்து கும்பிட்டார்.

"இத்தனை வருஷம் இந்தச் சங்கத்துக்கு நீங்க உழைச்சதா கேள்விப்பட்டேம்மா. பெரிய தொண்டு. உங்களால்தான் இங்கே ஆட்டமே நடக்குதுன்னு சொன்னாங்க."

'அது நான் இல்லைங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே அவர் ஈரச் சாக்குகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலையில் அவை என் கிணற்றடிக்குத்தான் வரும்.

"ஆமாங்க" என்றேன். "கொஞ்ச நஞ்சமா உழைச்சேன்?"